பொருளியல் மேற்படிப்பா, எம்பிஏவா? விண்ணப்பிக்கும் முன் செய்ய வேண்டியவை

பொருளியலுக்கும் எம்பிஏவுக்கும் ஒரே பருவத்தில் விண்ணப்பித்து, இரண்டிலும் இடம் கிடைத்து, கடைசியில் பொருளியலில் சேர்ந்தேன். அந்த மாதங்களில் அறிவுரைக்குப் பஞ்சமே இல்லை. எதற்கு மதிப்பு அதிகம், எதில் சம்பளம் அதிகம் என்று சொல்லப் பலர் இருந்தார்கள். எந்தப் படிப்புக்கு யாரிடம் கடிதம் வாங்க வேண்டும், எந்தக் கணிதம் படிக்காவிட்டால் விண்ணப்பம் முதல் சுற்றிலேயே ஒதுக்கப்படும், முன்பணத்தை எந்தத் தேதிக்குள் கட்டச் சொல்வார்கள் என்பதையெல்லாம் எடுத்துச் சொல்லத்தான் ஆள் கிடைக்கவில்லை. நீங்கள் அதே தொல்லையைப் படக்கூடாது என்பதற்காக எழுதுகிறேன். கீழே உள்ள வரிசையிலேயே செய்யுங்கள். பலர் ஆறாவது படியான நுழைவுத் தேர்விலிருந்து தொடங்குகிறார்கள். பணமும் நேரமும் வீணாவது பெரும்பாலும் அங்கேதான்.

1. முதலில் வேலை விளம்பரங்களைப் படியுங்கள்

பல்கலைக்கழகங்களின் இணையதளங்களை இப்போதைக்கு மூடிவைத்துவிடுங்கள். ஐந்து ஆண்டுகள் கழித்து நீங்கள் செய்ய விரும்பும் வேலைக்கான விளம்பரங்களைத் தேடி குறைந்தது இருபது சேகரியுங்கள். ஒவ்வொன்றிலும் "தகுதி" என்ற பகுதியை மட்டும் ஒரு தாளில் எழுதுங்கள். என்ன பட்டம், எத்தனை ஆண்டு அனுபவம், எந்த மென்பொருள் என்ற மூன்று விவரங்கள் போதும்.

எழுதி முடிக்கும்போது ஒரு போக்கு தெரியும். மத்திய வங்கிகளின் ஆய்வுப் பிரிவு, பன்னாட்டு நிதி அமைப்புகள், கொள்கை ஆய்வு நிறுவனங்கள், பெரிய தொழில்நுட்ப நிறுவனங்களின் பொருளியலாளர் பதவிகள் ஆகியவை பொருளியல் பட்டத்தைக் கேட்கும். அவற்றிலும் மேல்நிலைப் பதவிகள் பிஎச்டியைக் கேட்கும். பன்னாட்டு நாணய நிதியம் (ஐஎம்எஃப்) நடத்தும் பொருளியலாளர் திட்டம் பிஎச்டி முடித்தவர்களுக்கும் முடிக்கும் தறுவாயில் இருப்பவர்களுக்குமானது. உலக வங்கியின் இளம் வல்லுநர் திட்டத்துக்கு முதுகலைப் பட்டமும் பணி அனுபவமும் இருந்தால் விண்ணப்பிக்கலாம். தயாரிப்பு மேலாளர், வணிக உத்தி, முதலீட்டு வங்கி, மேலாண்மை ஆலோசனை போன்ற பதவிகளில் எம்பிஏவுக்கென்றே தனி நுழைவாயில் உண்டு. இரண்டுக்கும் இடம் தரும் துறைகளும் இருக்கின்றன. வழக்குகளுக்கும் போட்டிச் சட்டச் சிக்கல்களுக்கும் பொருளியல் ஆய்வு செய்து தரும் ஆலோசனை நிறுவனங்களில் சில, பிஎச்டி முடித்தவர்களையும் எம்பிஏ முடித்தவர்களையும் ஒரே நிலையில் எடுக்கின்றன.

நீங்கள் சேகரித்த விளம்பரங்களில் பாதிக்கு மேல் எந்தப் பட்டத்தையும் குறிப்பாகக் கேட்காமல் அனுபவத்தை மட்டும் கேட்டால், மேற்படிப்பே இப்போது தேவையா என்று யோசியுங்கள். அதுவும் ஒரு நல்ல முடிவுதான்.

2. எந்தப் பொருளியல், எந்த எம்பிஏ?

இரண்டு பெயர்களுக்குள்ளும் பல படிப்புகள் ஒளிந்திருக்கின்றன. அவற்றைப் பிரித்துப் பார்க்காமல் ஒப்பிட்டால் ஒப்பீடே தவறாகப் போகும்.

பொருளியலில் மூன்று வகை உண்டு. ஒன்று, படித்து முடித்து நேராக வேலைக்குப் போவதற்கான பயன்பாட்டு முதுகலை. இரண்டு, பிஎச்டிக்கு முன்தயாரிப்பாக அமையும் ஆய்வு முதுகலை. மூன்று, பிஎச்டி. பிரிட்டனில் முதுகலை பெரும்பாலும் ஓராண்டு. ஐரோப்பாவின் பிற நாடுகளில் பெரும்பாலும் இரண்டாண்டு. அமெரிக்காவில் பொருளியல் பிஎச்டிக்கு ஐந்து முதல் ஆறு ஆண்டுகள் பிடிக்கும். முதுகலை இல்லாமல் அங்கே பிஎச்டி சேர முடியாது என்று பலர் நம்புகிறார்கள். அது தவறு. இளங்கலை முடித்தவர்களே நேரடியாக விண்ணப்பிக்கலாம். முதுகலைப் பட்டம் வழியிலேயே கிடைத்துவிடும். ஐரோப்பாவில்தான் பொதுவாக முதுகலை முடித்த பிறகு பிஎச்டி.

எம்பிஏவில் இரண்டாண்டு முழுநேரப் படிப்பு, ஓராண்டுப் படிப்பு, பணியில் இருந்துகொண்டே படிக்கும் நிர்வாகிகளுக்கான படிப்பு என்று உண்டு. துறை மாற நினைப்பவர்கள் இங்கே கவனமாக இருக்க வேண்டும். இரண்டாண்டுப் படிப்பில் இடையே ஒரு கோடைக்காலப் பயிற்சிப் பணி வரும். புதிய துறையில் கால் வைப்பதற்கு அதுதான் வழி. ஓராண்டுப் படிப்புகள் பலவற்றில் அதற்கு நேரமே இருக்காது. பிரான்சின் இன்சியட் மேலாண்மைப் பள்ளியின் படிப்பு பத்தே மாதம். ஏற்கெனவே இருக்கும் துறையில் மேலே போக நினைப்பவருக்கு அது சிக்கனமான வழி. கணக்காளராக இருந்து சந்தைப்படுத்தலுக்கு மாற விரும்புபவர், எந்த மாதச் சேர்க்கையில் சேர்ந்தால் பயிற்சிப் பணிக்கு இடம் கிடைக்கும் என்று கேட்டுக்கொண்டுதான் விண்ணப்பிக்க வேண்டும்.

3. ஒரே கேள்வியை இரண்டு வகுப்புகளிலும் வைத்துப் பாருங்கள்

எனக்கு முடிவெடுக்க உதவியது இந்தப் படிதான். அதனால் சற்று விரிவாகச் சொல்கிறேன்.

ஒரு நிறுவனம் தன் சந்தாக் கட்டணத்தைப் பத்து சதவீதம் உயர்த்த நினைக்கிறது என்று வைத்துக்கொள்வோம். உயர்த்தலாமா?

பொருளியல் வகுப்பில் முதல் கேள்வி, கட்டணம் கூடினால் சந்தாதாரர் எத்தனை பேர் குறைவார்கள் என்பது. பழைய தரவுகளை எடுத்துக் கட்டணத்தையும் சந்தா எண்ணிக்கையையும் வரைபடத்தில் போட்டால், கட்டணம் அதிகமாக இருந்த மாதங்களில் சந்தாவும் அதிகமாக இருந்ததாகத் தெரியக்கூடும். அப்படியானால் விலை ஏறினால் விற்பனையும் ஏறுமா? ஏறாது. நிறுவனம் தேவை மிகுந்த மாதங்களில்தான் கட்டணத்தை உயர்த்தியிருக்கிறது. விலையும் தேவையும் ஒன்றையொன்று இழுப்பதால், விலையின் விளைவை மட்டும் தனியே பிரிக்க வேண்டும். சந்தாதாரர்களின் விருப்பத்தோடு தொடர்பில்லாத ஏதோ ஒரு காரணத்தால், உதாரணமாகத் திடீரென்று விதிக்கப்பட்ட ஒரு வரியால், விலை மாறிய சந்தர்ப்பத்தைத் தேட வேண்டும். பிறகு அந்தச் சந்தர்ப்பம் உண்மையிலேயே தொடர்பில்லாததுதானா என்ற வாதம். ஒரு பருவம் முழுக்க இந்த ஒரே சிக்கலில் போகலாம். முடிவில் கிடைப்பது ஒரு மதிப்பீடும் அதன் பிழை வரம்பும்.

எம்பிஏ வகுப்பில் அதே நிறுவனத்தைப் பற்றி இருபது பக்கத்துக்கு ஒரு நிகழ்வாய்வு (கேஸ் ஸ்டடி) கையில் இருக்கும். முந்தின இரவே படித்துவிட்டு வர வேண்டும். பேராசிரியர் யாரையாவது சுட்டி, "நீங்கள்தான் தலைமை அதிகாரி, என்ன செய்வீர்கள்?" என்பார். தரவு போதவில்லை என்று சொல்லித் தப்ப முடியாது. போட்டி நிறுவனம் பதிலுக்கு விலையைக் குறைத்தால் என்ன செய்வது? விற்பனைக் குழுவின் ஊக்கத்தொகை எண்ணிக்கையோடு கட்டப்பட்டிருக்கிறது, அவர்கள் எதிர்ப்பார்களே? பழைய சந்தாதாரர்களுக்கு யார், எப்படி அறிவிப்பது? வகுப்பு முடிவதற்குள் ஒரு நிலைப்பாடு எடுத்து, எதிர்ப்பவர்களிடம் அதைக் காத்து நிற்க வேண்டும். ஹார்வர்டு போன்ற பள்ளிகளில் மதிப்பெண்ணில் பாதி வரைகூட வகுப்பில் பேசுவதற்குப் போகிறது.

இரண்டையும் உங்கள் கண்ணால் பாருங்கள். பொருளியல் முதலாண்டு விரிவுரைகள் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. அறிமுகப் பாடத்தைத் தவிர்த்துவிட்டு முதுகலை நிலை நுண்ணினப் பொருளியல் விரிவுரை ஒன்றை முழுதாகப் பாருங்கள். எம்பிஏ பள்ளிகள் வருங்கால மாணவர்களை வகுப்பில் உட்கார அனுமதிப்பதுண்டு; நேரில் முடியாவிட்டால் மாதிரி வகுப்பு இணையத்தில் நடக்கும். எந்த வகுப்பு முடிந்ததும் இன்னும் கொஞ்சம் நீண்டிருக்கலாம் என்று தோன்றுகிறதோ, அந்த உணர்வுக்கு நல்ல எடை கொடுங்கள். தரவு சரியா என்று தோண்டிக்கொண்டே இருப்பவருக்கு எம்பிஏ வகுப்பு அவசரமாகத் தெரியும். முடிவெடுத்துவிட்டு அடுத்ததற்குப் போகத் துடிப்பவருக்கு பொருளியல் மூச்சுமுட்டும்.

4. கணிதத்தை நேர்மையாகச் சோதியுங்கள்

பொருளியல் மேற்படிப்பில் நாளிதழ்ப் பொருளாதாரம் மிகக் குறைவு. கணிதம் மிக அதிகம். எதிர்பார்ப்பது பன்மாறி நுண்கணிதம், நேர்கோட்டு இயற்கணிதம், நிகழ்தகவு, புள்ளியியல். நல்ல பிஎச்டிக்கும் ஆய்வு முதுகலைக்கும் இவற்றோடு மெய்யெண் பகுப்பாய்வு (ரியல் அனாலிசிஸ்) பாடம் ஒன்றும் மதிப்பெண் பட்டியலில் இருந்தால் பெரும் பலம். இளங்கலையில் பொருளியல் படித்தவர்களைவிடக் கணிதமும் இயற்பியலும் பொறியியலும் படித்தவர்கள் இங்கே எளிதாக நுழைவதைப் பார்க்கலாம்.

ஒரு மாலைப் பொழுதை ஒதுக்கி இரண்டு கணக்குகளைப் போடுங்கள். முதலாவது: இரண்டு பொருள்களும் ஒரு வரவுசெலவு வரம்பும் கொடுத்து, லக்ராஞ்சு முறையில் பயன்பாட்டை உச்சமாக்கி, இரண்டுக்குமான தேவைச் சார்புகளைக் கண்டுபிடிப்பது. இரண்டாவது: மூடிய, வரம்புள்ள கணத்தின் மேல் தொடர்ச்சியான சார்பு ஒன்று தன் உச்ச மதிப்பை அடைந்தே தீரும் என்று நிறுவுவது. முதலாவது உங்களுக்கு வந்தால் பயன்பாட்டு முதுகலைக்குத் தயாராக இருக்கிறீர்கள். இரண்டாவதை நிறுவ முடிந்தால், குறைந்தபட்சம் அதை நிறுவுவதில் ஆர்வம் வந்தால், ஆய்வுப் பாதையை யோசிக்கலாம். இரண்டுமே வரவில்லை என்றால் கதவு மூடிவிடவில்லை. ஓராண்டு எடுத்து அந்தப் பாடங்களை மதிப்பெண்ணோடு படித்துவிட்டு வாருங்கள். சான்றிதழ் மட்டும் தரும் இணையப் படிப்பைவிட, பல்கலைக்கழகம் மதிப்பெண் போட்டுத் தரும் பாடத்துக்கே சேர்க்கைக் குழு எடை கொடுக்கும்.

எம்பிஏவுக்கு இத்தனை கணிதம் வேண்டாம். எண்களைப் பார்த்து மிரளாமல் இருந்தால் போதும். புள்ளியியலும் கணக்குப்பதிவும் சொல்லித் தருவார்கள்.

5. அனுபவம் எத்தனை ஆண்டு?

முன்னணி எம்பிஏ வகுப்புகளில் மாணவர்களின் சராசரிப் பணி அனுபவம் ஐந்து ஆண்டுகளை ஒட்டி இருக்கும். படிப்பு முடித்த கையோடு எம்பிஏ சேர நினைப்பவர்களுக்கு மேலாண்மை முதுகலை, நிதியியல் முதுகலை என்று வேறு படிப்புகள் உள்ளன. பொருளியலுக்கு அனுபவம் கட்டாயமில்லை. ஆனால் பிஎச்டிக்குப் போக விரும்புபவர்கள் இப்போது பேராசிரியர்களிடம் ஓரிரு ஆண்டு முழுநேர ஆய்வு உதவியாளராக வேலை செய்துவிட்டுப் போவது பரவலாகிவிட்டது. சம்பளமும் கிடைக்கும், வலுவான பரிந்துரைக் கடிதமும் கிடைக்கும், ஆராய்ச்சி தனக்கு ஒத்துவருமா என்பதும் தெரிந்துவிடும். கணிதம் இருந்தும் உறுதி இல்லாதவர்களுக்கு என் முதல் பரிந்துரை இதுதான்.

6. நுழைவுத் தேர்வு: முடிந்தால் ஒன்றே

ஜிஆர்இ, ஜிமேட் இரண்டையும் எழுதிப் பணத்தைக் கரைக்காதீர்கள். பெரும்பாலான எம்பிஏ பள்ளிகள் ஜிஆர்இயை ஏற்கின்றன. பொருளியல் துறைகள் தேர்வு கேட்டால் பொதுவாக ஜிஆர்இயைத்தான் கேட்கும். இரண்டு பக்கமும் விண்ணப்பிப்பவர் ஜிஆர்இ எழுதினால் போதும். ஜிஆர்இ இப்போது இரண்டு மணி நேரத்துக்குள் முடிந்துவிடுகிறது. மொழிப் பகுதியும் அளவியல் (கணக்கு) பகுதியும் தனித்தனியாக 130 முதல் 170 வரை. பொருளியலுக்கு அளவியல் பகுதியில் 165க்கு மேல் குறிவையுங்கள். எம்பிஏ மட்டும்தான் என்று முடிவாகிவிட்டால் ஜிமேட்டையும் பார்க்கலாம். அது 45 நிமிடம் வீதம் மூன்று பகுதிகள். மதிப்பெண் 205 முதல் 805 வரை.

இரண்டு தேர்வுகளின் மதிப்பெண்ணும் ஐந்து ஆண்டுகள் செல்லும். டோஃபல், ஐஇஎல்டிஎஸ் மதிப்பெண்கள் இரண்டே ஆண்டுகள். எனவே ஆங்கிலத் தேர்வை முன்கூட்டியே எழுதிவைப்பதில் பயனில்லை. விண்ணப்பிக்கும் ஆண்டில் எழுதுங்கள்.

7. செலவை முழுதாகக் கூட்டுங்கள்

கல்விக் கட்டணத்தை மட்டும் பார்ப்பது எல்லோரும் விழும் பள்ளம். நான்கு தொகைகளை வரிசையாக எழுதுங்கள்: கட்டணம், தங்கிச் சாப்பிடும் செலவு, படிக்கும் காலத்தில் கைவிடும் சம்பளம், கடனுக்கான வட்டி.

அமெரிக்காவின் முன்னணிப் பள்ளிகளில் எம்பிஏ கட்டணம் மட்டும் ஆண்டுக்கு 75,000 டாலரை ஒட்டியோ அதற்கு மேலோ இருக்கிறது. வாழ்க்கைச் செலவையும் சேர்த்துப் பள்ளிகளே வெளியிடும் மதிப்பீடு பல இடங்களில் 1,10,000 டாலரைத் தாண்டும். இரண்டாண்டுக்கு 2,20,000. ஆண்டுக்கு 30,000 டாலர் சம்பாதிப்பவர் வேலையை விட்டால் அதிலும் 60,000 போகிறது. ஆக 2,80,000. இதில் 1,50,000 டாலரைப் பத்து சதவீத வட்டியில் பத்தாண்டுக் கடனாக வாங்கினால் மாதத் தவணை சுமார் 1,980 டாலர். மொத்தம் திருப்பிக் கட்டுவது ஏறக்குறைய 2,38,000. படிக்கும் காலத்தில் ஏறும் வட்டி இந்தக் கணக்கில் இல்லை. படித்து முடித்து, விசா கிடைக்காமல் உங்கள் பழைய சம்பள நிலைக்கே திரும்ப நேர்ந்தால் இந்தத் தவணையைக் கட்ட முடியுமா என்று பாருங்கள். முடியாது என்றால், உதவித்தொகை இல்லாமல் அந்தப் பள்ளியில் சேராதீர்கள். இதில் நான் விட்டுக்கொடுத்துப் பேச மாட்டேன்.

பொருளியல் பிஎச்டியின் கணக்கு வேறு. அமெரிக்காவின் நல்ல துறைகளில் கட்டணம் தள்ளுபடியாகி, மாத உதவித்தொகையும் வரும். அங்கே உண்மையான செலவு காலம்: ஐந்து, ஆறு ஆண்டுகளின் சம்பள உயர்வை இழக்கிறீர்கள். நிதியுதவி இல்லாமல் பிஎச்டி இடம் வந்தால் மறுத்துவிடுவதே நல்லது.

முதுகலைக்குத்தான் நிதியுதவி மிகக் குறைவு. ஆனால் கட்டணமே குறைவான நல்ல இடங்கள் இருக்கின்றன. ஜெர்மனியின் அரசுப் பல்கலைக்கழகங்கள் பெரும்பாலும் கல்விக் கட்டணம் வாங்குவதில்லை. பான் பல்கலைக்கழகத்தில் பருவந்தோறும் கட்டும் நிர்வாகக் கட்டணம் மட்டும்தான். மன்ஹைம் பல்கலைக்கழகம் இருக்கும் மாநிலத்தில் ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வருபவர்கள் பருவத்துக்கு 1,500 யூரோ கல்விக் கட்டணம் கட்ட வேண்டும். இரண்டுமே பொருளியலுக்குப் பெயர்பெற்ற இடங்கள்.

விண்ணப்பக் கட்டணத்தையும் மறக்காதீர்கள். முன்னணி எம்பிஏ பள்ளி ஒன்றுக்கே 250 டாலரை ஒட்டி ஆகும். பொருளியல் துறைகளில் பொதுவாக அதில் பாதிக்கும் குறைவு. கட்டண விலக்கு தரும் இடங்களும் உண்டு. கேட்பவர்களுக்குத்தான் கிடைக்கும், மின்னஞ்சலில் கேளுங்கள்.

8. ஆவணங்கள்

பரிந்துரைக் கடிதம்: பொருளியல் பிஎச்டிக்கு மூன்று, பேராசிரியர்களிடமிருந்து. எம்பிஏவுக்குப் பொதுவாக இரண்டு வரை, உங்கள் வேலையை மேற்பார்வையிட்டவர்களிடமிருந்து. இதை மாற்றிக் கொடுத்துக் கெட்டுப்போன விண்ணப்பங்கள் ஏராளம். உங்கள் பிரிவுத் தலைவர் எத்தனை புகழ்ந்து எழுதினாலும், நீங்கள் ஆராய்ச்சி செய்வீர்களா என்பதற்கு அவர் சாட்சி ஆக முடியாது. வகுப்பில் முதல் மாணவர் என்பதைத் தவிர எதுவும் அறியாத பேராசிரியர், நீங்கள் ஒரு குழுவை எப்படி நடத்துவீர்கள் என்று எழுத முடியாது. கடிதம் கேட்கும்போதே உங்கள் தன்விவரக் குறிப்பு, கட்டுரை வரைவு, கடைசித் தேதிகளின் பட்டியல் மூன்றையும் அனுப்பிவிடுங்கள். இரண்டு மாத அவகாசம் கொடுங்கள்.

கட்டுரை: பொருளியல் நோக்க அறிக்கையில் உங்களை ஈர்த்த ஆய்வுக் கேள்வி, உங்களுக்குத் தெரிந்த முறைகள், அந்தத் துறையில் யாரோடு ஆய்வு செய்ய விருப்பம் என்பவை வேண்டும். இளமைக் காலக் கதைக்கு அங்கே இடமில்லை. எம்பிஏ கட்டுரையில் நீங்கள் எடுத்த முடிவுகள், அவற்றால் மற்றவர்களுக்கு நேர்ந்தது, இனி எங்கே போக விருப்பம் என்பவை வேண்டும். ஒன்றை வெட்டி மற்றொன்றில் ஒட்டினால் படிப்பவருக்கு உடனே தெரிந்துவிடும்.

மதிப்பெண் பட்டியல்: அதிகாரபூர்வப் படிகளை மூடி முத்திரையிட்ட உறையில் முன்பே வாங்கிவையுங்கள். நான் படித்த இடத்தில் இந்த ஒரு தாளுக்காகவே வாரக்கணக்கில் அலைய வேண்டியிருந்தது. கடைசித் தேதி நெருங்கும்போது அந்த அலைச்சலுக்கு மனம் தாங்காது. சில பொருளியல் துறைகள் நீங்கள் படித்த கணிதப் பாடங்களின் பட்டியலையும், பயன்படுத்திய பாடநூல்களின் பெயரையும் கேட்கும். பழைய பாடத்திட்டங்களைத் தேடி எடுத்துவையுங்கள்.

9. தேதிகள் மோதும் இடம்

அமெரிக்கப் பொருளியல் பிஎச்டி விண்ணப்பங்கள் டிசம்பர் தொடக்கத்திலிருந்து ஜனவரி நடுவுக்குள் முடியும். முடிவுகள் பிப்ரவரி, மார்ச்சில் வரும். நிதியுதவியோடு வரும் இடத்தை ஏற்பதா மறுப்பதா என்று சொல்ல, பெரும்பாலான அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் ஏப்ரல் 15 வரை அவகாசம் தருகின்றன. எம்பிஏ முதல் சுற்று செப்டம்பரில் முடிந்து டிசம்பரில் முடிவு வரும். இரண்டாம் சுற்று ஜனவரியில் முடிந்து மார்ச் இறுதிவாக்கில் முடிவு வரும். மூன்றாம் சுற்றில் இடங்களும் உதவித்தொகையும் அநேகமாகத் தீர்ந்திருக்கும். வெளிநாட்டு மாணவருக்கு விசாவுக்கும் நேரம் போதாது.

சிக்கல் இங்கேதான். முதல் சுற்றில் எம்பிஏ இடம் கிடைத்தால், பொருளியல் முடிவுகள் வருவதற்கு முன்பே முன்பணம் கட்டச் சொல்வார்கள். ஆயிரக்கணக்கான டாலர், பெரும்பாலும் திரும்பி வராது. எனவே இரண்டு பக்கமும் விண்ணப்பிப்பவர்கள் எம்பிஏவை இரண்டாம் சுற்றில் வைத்துக்கொள்ளுங்கள். அப்போது ஏப்ரல் தொடக்கத்தில் இரண்டு முடிவுகளும் ஒருசேர மேசையில் இருக்கும். ஐரோப்பிய முதுகலைகளில் சில, வருகிற வரிசையில் இடத்தை நிரப்பிக்கொண்டே போகும். லண்டன் ஸ்கூல் ஆஃப் எகனாமிக்ஸ் அப்படிப்பட்டது. அங்கே விண்ணப்பம் திறந்த சில வாரங்களிலேயே அனுப்பிவிடுங்கள்.

10. இடம் கிடைத்த பிறகு கேட்க வேண்டியவை

எம்பிஏ பள்ளியின் வேலைவாய்ப்பு அறிக்கையை எழுத்தெழுத்தாகப் படியுங்கள். "வேலை தேடியவர்களில் இத்தனை சதவீதம்" என்றுதான் இருக்கும். பழைய நிறுவனத்துக்கே திரும்பியவர்களும் சொந்தத் தொழில் தொடங்கியவர்களும் அந்தக் கணக்கில் வரமாட்டார்கள். பணி அனுமதி தேவைப்படும் வெளிநாட்டு மாணவர்களின் சதவீதத்தைத் தனியாகக் கேளுங்கள். சராசரிச் சம்பளத்தை விட்டு இடைநிலைச் சம்பளத்தை, அதாவது வரிசைப்படுத்தினால் நடுவில் வரும் சம்பளத்தை, பாருங்கள். பொருளியல் துறையிடம், முதலாண்டு முடிவில் நடக்கும் தகுதித் தேர்வில் எத்தனை பேர் தேறுகிறார்கள், எத்தனை பேர் பாதியில் விலகுகிறார்கள், கடந்த மூன்று ஆண்டுகளில் முடித்தவர்கள் எங்கே வேலைக்குச் சேர்ந்தார்கள் என்று கேளுங்கள். பதிலைத் துறையிடமிருந்து மட்டும் வாங்காமல், இரண்டாமாண்டு மாணவர் ஒருவரிடமும் பேசுங்கள்.

அமெரிக்கா போகிறவர்கள் இன்னொன்றையும் எழுத்தில் வாங்க வேண்டும்: உங்கள் படிப்பின் வகைப்பாட்டுக் குறியீடு, அதாவது படிப்பு எந்தத் துறையில் சேரும் என்று காட்டும் எண். படித்து முடித்தபின் வேலை செய்ய எல்லோருக்கும் 12 மாதம் உண்டு. அறிவியல், தொழில்நுட்ப வகைப்பாட்டில் வரும் படிப்புகளுக்கு மேலும் 24 மாதம் நீட்டிப்பு கிடைக்கும். பொருளியல் என்ற ஒரே பெயரில் இருக்கும் படிப்பு, பொதுப் பொருளியல் குறியீடான 45.0601இல் இருந்தால் அந்த நீட்டிப்பு இல்லை. அளவைப் பொருளியலுக்கான 45.0603இல் இருந்தால் உண்டு. எம்பிஏவிலும் சில பள்ளிகளுக்கு, சில சிறப்புப் பிரிவுகளுக்கு மட்டும் இந்த வகைப்பாடு இருக்கிறது.

முடிவானதும் மற்ற இடங்களுக்கு அன்றே மறுப்புக் கடிதம் அனுப்புங்கள். காத்திருப்புப் பட்டியலில் இருப்பவருக்கு ஒவ்வொரு நாளும் முக்கியம். பரிந்துரை எழுதியவர்களுக்கு எங்கே சேர்கிறீர்கள் என்று தெரிவியுங்கள். பிறகு தாமதிக்காமல் விசாவுக்கான வங்கிச் சான்றுகளைத் திரட்டத் தொடங்குங்கள். முதலாண்டுச் செலவுக்கான தொகை கணக்கில் எவ்வளவு காலம் இருக்க வேண்டும் என்பது நாட்டுக்கு நாடு மாறும். அந்தந்தத் தூதரகத்தின் இணையதளத்தில் பார்த்துவிட்டுப் பணத்தை நகர்த்துங்கள்.